'யூ' நாவல்: விடாமல் பின்தொடர்வது காதலா, குற்றமா?

நியூயார்க் புத்தகக் கடையில் கார்டு கொடுத்துப் பணம் கட்டுகிறார் ஒரு பெண். கார்டில் இருந்த பெயரை வைத்தே இணையத்தில் அவரைத் தேடிப் பிடிக்கிறான் கடை மேனேஜர் ஜோ. அமெரிக்க எழுத்தாளர் கேரோலின் கெப்னஸின் 'யூ' (2014) என்ற உளவியல் த்ரில்லர் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. 2018-இல் தொடராகவும் வந்தது.

எது பயமுறுத்துகிறது?

கதை சொல்பவனே ஜோதான். அவளை 'நீ' என்றே கூப்பிட்டுப் பேசுவதால், வேவு பார்ப்பதுகூட அக்கறை மாதிரி கேட்கும். "பாவம், லவ் பண்றான்" என்று நமக்கே தோன்றும். "விடாம பின்னாடி சுத்தினா மனசு மாறும்" என்று காட்டும் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை.

நம்ம ஊரில்?

சுங்கை லாலாங் போன்ற சின்ன ஊரில் இணையமே தேவையில்லை. வீடு எது, வேலை எங்கே என்று கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023 மே 31 முதல் அமலில் உள்ளது. பயமோ மன உளைச்சலோ வரும் என்று தெரிந்தே ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், மெசேஜ் அனுப்புவதும், வீட்டருகே சுற்றுவதும் குற்றம். இரண்டு தடவை செய்தாலே போதும். 3 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு போலீஸில் புகார் கொடுங்கள். தாலியான் காசே உதவி எண்: 15999.