பில்டரை வெட்டிப் பார்த்தவர்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் போகும் வீதியில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். அறுபது வயது மொரிஸ் மைனர், தார்ப்பாய் போட்ட லேண்ட் ரோவர், கொழுந்துப் பெட்டி இழுக்கும் மஸி பெர்கியூசன் டிராக்டர், முப்பது வருஷம் தாண்டிய இசுசு எல்ஃப் லொறி எல்லாம் வரிசையாக ஏறிப் போகும். இவை அழகுக்காக வைத்திருக்கும் வண்டிகள் இல்லை. ஹயர் ஓடி, மரக்கறி ஏற்றி, குடும்பம் காப்பாற்றும் வண்டிகள். நான் இந்த வீதியோரத்தில் கராஜ் வைத்திருப்பவன். பழைய வண்டிக்காரர்கள் வந்ததும் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, இதுக்கு எந்தக் கம்பனி ஒயில் பில்டர் நல்லது?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட என்னால் முடிவதில்லை. நல்ல பில்டரைக் கெட்டதிலிருந்து பிரித்தறியும் முறை ஒன்று இந்த மலையில் இருக்கிறது, அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. கடையில் நின்று தெரிந்தெடுக்கும் வசதியே இல்லாமல் வாழ்ந்த தோட்டத்து லொறி டிரைவர்களும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பிட்டர்களும்தான் அந்த முறையை உண்டாக்கினார்கள். தோட்டத் துரைமார் எழுதிய புத்தகங்களில் அவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. அதனால் நான் எழுதுகிறேன்.

மலைநாட்டில் இயந்திர வேலை கோப்பிக் காலத்திலேயே வந்துவிட்டது. ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய பட்டறை கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்தது. பிரவுன் கம்பனியும் 1875இல் தோட்ட இயந்திர வேலைக்காகவே தொடங்கப்பட்டது. கோப்பி நோயில் விழுந்து தேயிலை எழுந்தபோது, ரயிலும் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ரயில் வந்தது நகரம் வரைதான். அங்கிருந்து தோட்டத்துக்கும், மலையிலிருந்து ஸ்டோருக்கும் மாட்டு வண்டியும் மனிதத் தலையும்தான் சுமந்தன. பிறகு அந்தச் சுமை மோட்டார் லொறிக்கு மாறியது.

தேயிலைக்கு லொறி எவ்வளவு முக்கியம் என்பதைக் கொழுந்தே சொல்லும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தைச் சாக்கில் அடைத்து வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு வாடவைத்தாலும் நல்ல தேயிலை வராது. லொறி பாதி வழியில் நின்றால் அன்றைக்குப் பறித்த பெண்களின் உழைப்பு முழுவதும் சாக்குக்குள்ளேயே கெட்டுப்போகும். ஆகவே லொறியின் என்ஜினைக் காப்பது டிரைவரின் சொந்தப் பெருமை சம்பந்தப்பட்ட காரியமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு டிவிசனின் நாள் உழைப்பே அதில் தொங்கியது.

ஆரம்பகால மோட்டார் என்ஜின்களில் ஒயில் பில்டர் என்று ஒன்றுமே கிடையாது. ஒயில் பம்ப் இழுக்கும் வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கும், அவ்வளவுதான். சுழற்சியில் இருக்கும் ஒயிலைத் தனியாக வடிகட்டும் கருவியை அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் 1923இல் உருவாக்கினார். பியூரொலேட்டர் என்பது அந்தக் கருவியின் பெயர். அடுத்த வருஷம் வெளிவந்த கிரைஸ்லர் கார் அதைப் பூட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கால பில்டர் ஒயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் பக்க வழியாக இழுத்து வடித்துத் திரும்ப அனுப்பும். மீதி ஒயில் வடிபடாமலே பெயரிங்குக்குப் போகும். இது 'பைபாஸ்' முறை. பிறகு முழு ஒயிலும் பில்டரைக் கடந்தே பெயரிங்குக்குப் போகும் முறை வந்தது. 1956இல் 948 சிசி என்ஜினோடு வந்த மொரிஸ் மைனர் 1000இல் இந்த முழுவழி முறைதான்.

என் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். துரையின் லேண்ட் ரோவரும் டிஸ்பென்சரி காரும் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வண்டி கைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அது பைபாஸா, முழுவழியா என்பதைத்தான். "பைபாஸ் அடைச்சா என்ஜின் அழுக்கு ஒயில் குடிக்கும். முழுவழி அடைச்சா ஒயிலே கிடைக்காம செத்துப்போகும்" என்பார். அடைத்த நேரத்தில் ஒயிலை நேரே விடுவதற்காகத்தான் முழுவழி முறையில் ஒரு ஸ்பிரிங் வால்வு வைத்திருக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பார் அளவுக்கு வரும்போது அது திறக்கும். சில என்ஜின்களில் அந்த வால்வு என்ஜின் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் பில்டருக்குள்ளே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பில்டர் வாங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

மலையில் இந்த வால்வுக்கு வேலை அதிகம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும். அந்தக் குளிரில் ஒயில் தடித்துப்போய் பில்டர் தாளுக்குள் சுலபமாக நுழையாது. வால்வு திறந்து வடிபடாத ஒயில் ஓடும். விடியற்காலை ஸ்டார்ட் பண்ணியதும் முதல் கியரில் முழுப் பாரத்தோடு மலையேறினால், என்ஜின் மிகவும் கஷ்டப்படும் நேரத்தில் அழுக்கு ஒயில்தான் அதற்குக் கிடைக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடேறிய பிறகு பாரம் ஏற்ற வேண்டும் என்பது அந்த டிரைவர்களின் சட்டம். தோட்ட ஓட்டம் குட்டை ஓட்டம். என்ஜின் முழுச் சூடு பிடிக்குமுன் நின்றுவிடும். உள்ளே வேர்த்த தண்ணீர் ஆவியாகாமல் ஒயிலோடு கலந்து சகதியாகும். சமவெளியில் ஓடும் காருக்கு எழுதிய கையேட்டின் மைல் கணக்கு மலைக்குச் சரிவராது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். கையேடு சொன்ன தூரத்தில் பாதியிலேயே ஒயிலும் பில்டரும் மாற்றினார்கள்.

மைனரின் பில்டர் ஒரு இரும்புக் கோப்பைக்குள் உட்காரும். நீண்ட போல்ட் ஒன்று அதைப் பிடித்திருக்கும். தாள் எலிமென்டை மாற்றும்போது தலைப்பக்கக் காடியில் இருக்கும் பழைய ரப்பர் வளையத்தையும் எடுக்க வேண்டும். கறுத்து இறுகிக் காடியோடு ஒட்டிப்போன வளையம் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது வளையத்தை வைத்தால் கோப்பை சரியாக உட்காராது; ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது ஒயில் பீறிட்டு வெளியேறிவிடும். அப்பா ஒரு ஊசியால் காடி முழுவதையும் சுற்றி வழித்த பிறகுதான் புது வளையம் வைப்பார். இந்த ஊசிப் பழக்கம் இன்றும் ஹட்டனில் என் வயதுப் பாஸ்மாரிடம் உண்டு.

1970இலிருந்து 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த அறிவெல்லாம் சோதிக்கப்பட்டது. அந்நியச் செலாவணி இல்லை. உதிரிப்பாகத்துக்கு அனுமதிப்பத்திரம், அதற்குக் காத்திருப்பு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1973, 1974இல் தோட்ட லயங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். அந்த நாட்களைப் பில்டர் தட்டுப்பாட்டோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் அதே பசியோடுதான் எங்கள் ஆட்கள் லொறி ஓட்டினார்கள், அதே லொறிதான் ரேஷன் மாவையும் கொண்டு வந்தது.

பில்டர் கிடைக்காதபோது என்ன செய்தார்கள்? பழைய பைபாஸ் கோப்பைகளில் சுத்தமான பருத்தித் துணியைச் சுருட்டி இறுக்கி வைத்தார்கள். அதில் நூல் பிரிந்தாலும் பெயரிங்குக்கு நேரே போகாது, என்ஜின் அடியிலுள்ள சம்பிலேதான் போய் விழும் என்பதால் அது தாங்கியது. அதே வேலையை முழுவழி என்ஜினில் செய்ய அப்பா யாரையும் விடவில்லை. ஒரு நூல் துணுக்கு போதும், பெயரிங்கின் ஒயில் துவாரத்தை அடைக்க. தாள் எலிமென்டை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போட்டவர்களும் இருந்தார்கள். கழுவிய தாள் பார்வைக்குப் புதிதுபோலிருக்கும், ஆனால் மடிப்பின் ஓரத்தில் பசை விட்டிருக்கும். அந்த இடைவெளி வழியாக எல்லா அழுக்கும் ஓடிவிடும். அதனால் எலிமென்ட் இல்லாத மாதங்களில் அவர்கள் ஒயிலை அடிக்கடி மாற்றி, ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, பாரத்தையும் குறைத்து ஓட்டினார்கள்.

பில்டரை வெட்டிப் பார்க்கும் பழக்கம் வலுப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். கழற்றிய எலிமென்டை எறிய மாட்டார்கள். தாளை விரித்து, ஒயில் வடியவிட்டு, வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் சிலிண்டரோ ரிங்கோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பாகவோ மின்னினால் பெயரிங் போகிறது. மணல் நறநறத்தால் காற்று பில்டரைப் பார்க்க வேண்டும். என்ஜினைத் திறக்காமலே அதன் உடல்நிலையை இப்படித் தெரிந்துகொண்டார்கள். புதுப் பெயரிங் வாங்க வழியில்லாத நாட்டில், பெயரிங் கெடுவதை முன்கூட்டியே அறிவது ஒன்றுதான் வழி.

அந்தக் கைகளில் பல நம்மை விட்டுப் போயின. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் டிரைவர்களும் பிட்டர்களும் இருந்தார்கள். என் மாமா ஒருவர் ஸ்டோர் பிட்டர். கோத்தகிரியில் போய்க் குடியேறினார். அவர் கழற்றிய பாகங்களுக்கு எண் போட்டு வைத்த கொப்பி அவரோடு போனது. குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களோடு ஒரு தொழிலின் நினைவும் சேர்ந்து நாடு கடத்தப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். இங்கு மிஞ்சியவர்கள் மிஞ்சியதை வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பானிலிருந்து ரிகண்டிஷன் லொறிகளும் வான்களும் வந்தன. கோப்பை பில்டருக்குப் பதிலாக, முழுவதுமாகச் சுழற்றிப் பூட்டும் தகர பில்டர் வந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்தப் பாகத்தையும் தேடி எடுக்கலாம் என்ற நிலை வந்தது. முன்பு பில்டரே இல்லை என்பது கவலை. இப்போது இருபது பில்டரில் எது உண்மையானது என்பது கவலை. பெட்டியின் நிறத்தையும் எழுத்தையும் நகல் எடுப்பது சுலபம், உள்ளே இருக்கும் வால்வை நகல் எடுக்கச் செலவாகும். போலி செய்பவர்கள் அந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அப்பா காலத்து அறிவை இந்தப் புது பில்டருக்கு நாங்கள் பொருத்திக்கொண்டது இப்படி. முதலில் மரை. முக்கால் அங்குல மரையின் விட்டம் 19.05 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 16 சுற்று. ஜப்பான் வண்டி பலவற்றில் 20 மில்லிமீற்றர், 1.5 மில்லிமீற்றர் இடைவெளி மரை. 20 மில்லிமீற்றர் பில்டர் முக்கால் அங்குலக் குழாயில் ஏறுவதுபோல ஏறும், ஆனால் பிடிப்பு இருக்காது, ஏற்றத்தில் கழன்றுவிடும். அடுத்து, ஒயில் நுழையும் சிறு துவாரங்கள் வழியாக உள்ளே பார்க்க வேண்டும். அங்கே ஒரு ரப்பர் மடல் தெரியும். நிறுத்திய வண்டியில் பில்டரிலிருக்கும் ஒயில் வடிந்துவிடாமல் தடுப்பது அது. சரிவில் நிறுத்தும் எங்கள் ஊர் வண்டிகளுக்கு அது உயிர்நாடி. மடல் இறுகிப்போயிருந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில விநாடி பெயரிங் வறண்டு தட்டும். பிறகு அந்த என்ஜினுக்கு பைபாஸ் வால்வு பில்டரில் வேண்டுமா என்று பார்த்து, வேண்டுமென்றால் அது இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். கடைசியாக, புதிதாக ஒரு பெயர் சந்தைக்கு வந்தால் இரண்டு வாங்கி ஒன்றை வெட்டிப் பார்ப்போம். மடிப்புகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா, ஓரப் பசை முழுச் சுற்றும் பிடித்திருக்கிறதா, ஸ்பிரிங்கில் பலம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஒரு பில்டரின் விலை போகும், ஆனால் ஒரு கிராங் சாஃப்ட் தப்பும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் சரிந்து, டொலருக்கு 200 என்று இருந்தது 360ஐத் தாண்டியது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டை. மறுபடியும் பழைய வண்டிதான் மலையைச் சுமந்தது. விற்றுவிட நினைத்த மைனர்களைத் தார்ப்பாய்க்குக் கீழிருந்து எடுத்து ஓட்டினார்கள். அந்த மாதங்களில் இளம் பொடியன்கள் என் கராஜுக்கு வந்து, மரை அளக்கவும் தாள் விரித்துப் பார்க்கவும் கேட்டுக் கற்றார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியும் அவர்களில் பலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

தோட்டப் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சியில் இது ஒரு பாடமாக வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறோம், நல்லது. கூடவே ஒரு பழைய பில்டரையும் வெட்டுவாளையும் காந்தத்தையும் கையில் கொடுங்கள். எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டு வருபவர்களுக்கும் என் பதில் இதுதான்: உங்கள் என்ஜின் என்ன கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பில்டரின் உள்ளே பாருங்கள், கழற்றியதையும் வெட்டிப் பாருங்கள். தெரிவு செய்ய எதுவுமே இல்லாமல் இருந்த மனிதர்கள் பட்டினியோடு தேடிச் சேர்த்த அறிவு இது. கடையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அதைத் தொலைத்துவிடக் கூடாது.