தரங்கம்பாடி: கடல் கொள்ளும் கோயிலும் கல் கூறும் வரலாறும்

சோழநாட்டுக் கடற்கரையூர்களுள் தரங்கம்பாடியைக் காணச் செல்வோர் இக்காலத்து மிகப் பலர். அவருட் பெரும்பாலார் டேனியர் கட்டிய கோட்டையைக் கண்டு, கடற்காற்றிற் சிறிது போது உலாவி மீள்கின்றனர். கரையோரத்தே அலையை எதிர்நோக்கி நிற்கும் மாசிலாமணிநாதர் திருக்கோயிலுட் புகுவோர் சிலரே. அச்சிலருள்ளும், இக்கோயில் கோட்டைக்கு முந்நூறாண்டு மூத்தது என்பதை அறிந்தார் மிகச் சிலர். ஆதலின், இவ்வூரைக் காணப்புகும் சிவநேயச் செல்வர்கள் எவற்றைக் காணல் வேண்டும், கண்டு யாது செய்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

முதற்கண் ஊர்ப்பெயரை ஆராய்வோம். தரங்கம் என்பது அலை. பாடி என்பதைப் பாடுதலாகக் கொண்டு, 'அலைகள் பாடும் ஊர்' என்று பலரும் பொருள் கூறி வருகின்றனர். செவிக்கு இனிதேனும் அது பொருந்துமாறில்லை. பாடி என்பது மக்கள் உறையும் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். திருஆப்பாடி, திருஎதிர்கொள்பாடி என்னும் பாடல்பெற்ற தலப்பெயர்களை நோக்குவார்க்கு இஃது இனிது விளங்கும். அன்றியும், பாண்டியர் காலத்துக் கல்லெழுத்தில் இவ்வூர் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்பெறுகின்றது. சடங்கம் என்பது வேதத்தின் ஆறங்கம். நம்பியாரூரர்க்கு மகட்கொடை நேர்ந்த புத்தூர் அந்தணர்க்குச் சடங்கவி என்பது பெயராதலை அன்பர் அறிவர். ஆகவே, ஆறங்கம் வல்லான் ஒருவன் பெயரால் இப்பாடி முதற்கண் வழங்கிற்று என ஊகிக்க இடமுண்டு. சடங்கன்பாடி என்பதே பின்னர்த் தரங்கம்பாடி எனத் திரிந்ததாதலும் கூடும். பெயரின் பழமையைக் காட்டுதற்கு நமக்குள்ள சான்று கல்லெழுத்தே என்பதை இங்கு நினைவிற் கொள்க.

அக்கல்லெழுத்திற்குரிய வேந்தன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். இவன் 1268-ஆம் ஆண்டில் அரசேறியவன். முத்தும் குதிரையும் பெருவாணிகப் பொருளாக விளங்கிய இவன் காலத்திலேயே, வெனிசு நகரத்து மார்க்கோ போலோ தமிழகத்திற்கு வந்து காயல் துறையின் வளத்தை எழுதிவைத்தார். இவ்வேந்தன் 1306-ஆம் ஆண்டில் அளித்த நிலத்தில் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில் என்பர். அரசன் பெயரோடு பட்டினம் என்னும் சொல்லும் சேர்ந்து ஊர்க்கு வழங்கினமை, அந்நாளிலேயே இது கடல்வாணிகத் துறையாக விளங்கிற்று என்பதற்குப் போதிய சான்றாகும்.

இதன்பின் முந்நூறாண்டு கழிந்தன. டென்மார்க்கு நாட்டுக் கலங்கள் 1618-இல் புறப்பட்டு, 1620-இல் ஈழத்தை அடைந்து, திருக்கோணமலையில் நிலைகொள்ள முயன்றன. அம்முயற்சி நிறைவேறவில்லை. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு அரசன் நான்காம் கிறித்தியானோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வாணிகம் நடத்தவும் இசைந்தார். படைத்தலைவர் ஓவே கெட்டே கோட்டை வேலையைத் தொடங்கினார். நாயக்கர் அவ்வரசனுக்குப் பொன்னேட்டில் தமிழெழுத்தாற் பொறித்து விடுத்த ஓலை இன்றும் கோபன்கேகனில் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தமிழர் பொன்னில் எழுதியதைப் பிறநாட்டார் நானூறாண்டாகக் காத்து வருகின்றனர்.

டேனியர் கைவிட்ட திருக்கோணமலையில், அடுத்த சில ஆண்டுகளுள் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். தரங்கம்பாடியிலோ டேனியர் கோட்டையும் சிவாலயமும் ஒரே கரையில் நின்றன. 1845-இல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து, 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்றகன்ற நாள்வரை இந்நிலை மாறவில்லை. கோணேசர் கோயிலை மாந்தர் அழித்தனர். மாசிலாமணிநாதர் கோயிற்குப் பகையாயது கடலே.

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் இங்கு வந்திறங்கினார். தம் சமயத்தைப் பரப்புதலே அவர் வந்த நோக்கம். அந்நோக்கத்தில் நமக்கு உடன்பாடின்று. ஆயினும், தமிழ் கற்க அவர் மேற்கொண்ட முறை போற்றத்தக்கது. திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அடுத்து, சிறுவரோடு சிறுவராய் நிலத்தமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பயின்றார். ஏடுகளைத் தேடித் தொகுத்து, தாம் கற்ற நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரும் பொருளும் குறித்து, 1708-இல் ஒரு பட்டியல் வரைந்தார். நம்மவர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூல், அவரை அனுப்பியோர் விரும்பாமையால் நெடுங்காலம் வெளிவாராது கிடந்து, 1867-இல் சென்னையில் அச்சேறிற்று.

தமிழ் அச்சுக்கலை இவ்வூரிலேயே தோன்றிற்று என்பாருமுளர். 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிடப்பட்டமையின் அது பிழை. ஆயினும், செருமனியில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-இல் இங்கு வந்து சேர்ந்த பின்னர், அச்சுத்தொழில் இங்கு நிலைபெற்று வளர்ந்தது உண்மை. செருமனி எழுத்துக்கள் பெரியனவாய்த் தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர்; தாள் செய்யும் ஆலையை அண்மையிலுள்ள பொறையாற்றில் அமைத்தனர்.

இனி, காணும் முறை. யாம் திருமடத்துப் பள்ளியிற் பயின்ற நாளில், மயிலாடுதுறையினின்று தரங்கம்பாடிக்குப் புகைவண்டி ஓடிற்று. 1926-இல் தொடங்கிய அவ்விருப்புப்பாதை 1986-இல் மூடப்பட்டது. இப்பொழுது பேருந்தே துணை. வைகறையில் திருக்கடவூரை அடைந்து, அமிர்தகடேசரையும் அபிராமியம்மையையும் வழிபட்டு, குங்கிலியக்கலயரும் காரியாரும் வாழ்ந்த பதி அது என்பதை நினைந்து, கடவூர் மயானத்தையும் தரிசித்து, பின்னர்த் தரங்கம்பாடிக்கு வருதல் நன்று.

ஊரின் மேற்புறத்தே 1792-இல் கட்டிய வாயில் நிற்கின்றது. அதனுட் புகுந்து இராச வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வார், 1701-இல் எழுந்த சீயோன் ஆலயத்தையும், சீகன்பால்கு 1718-இல் கட்டிமுடித்துத் தம் உடலும் அடக்கம் பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தையும் காண்பர். வீதியின் முடிவில் வெளியும், அதன் தென்பால் கோட்டையும் உள்ளன. கோட்டையுள் தொல்லியல் துறையார் அகழ்வைப்பகம் அமைத்துள்ளனர். அதனை விரையாது பார்த்தல் வேண்டும். பின்னர்க் கரையோரமாக வடக்கு நோக்கி நடப்பின், மாசிலாமணிநாதர் கோயில் எதிர்ப்படும்.

யாம் முதன்முதல் அங்குச் சென்றபோது எம் ஆசிரியர் உடனிருந்தார். கீழ்ப்புறக் கட்டடம் சரிந்து, வெட்டுக்கற்கள் நீருட் கிடந்தன. அலை வந்து கற்களின்மேற் புரண்டு மீளுந்தோறும் அவர் வாய் பேசாது நின்றார். பின், "இக்கற்களுள் எழுத்துடையன எத்தனையோ, யார் அறிவார்?" என்று மட்டும் கூறினார். அம்மொழி இன்றும் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

ஊரைச் சூழ்ந்த மதிலின் கடற்புறப் பகுதியையும், கோயிலின் முன்புறத்தையும் கடல் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. 26-12-2004 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் இவ்வூர் மக்கள் பலர் உயிர் துறந்தனர். அதன்பின் கரையிற் பெரும் பாறைகள் அடுக்கப்பெற்றுள்ளன. அன்பர் சிலரது முயற்சியால் திருப்பணியும் நிகழ்ந்து, வழிபாடு நடந்து வருகின்றது. இது மகிழ்தற்குரியது. ஆயின், புதுக்கும் ஆர்வத்தில் பழங்கல்லை மறத்தல் தகாது. எழுத்துடைய கல்லைச் சுண்ணத்தால் மூடுதலும், வண்ணம் பூசுதலும், படிக்கல்லாக இடுதலும் கடல் செய்த அழிவினும் கொடியன. கடலுக்கு எழுத்தின் அருமை தெரியாது, நமக்குத் தெரியுமன்றோ?

ஆதலின், ஆங்குச் செல்லும் அன்பர் செய்யத்தக்கன இவை: இறைவனை வழிபட்டபின், சுவர்களையும் தூண்களையும் அதிட்டானத்தையும் வலமாக வந்து நோக்குக. எழுத்துக் காணப்படின், அதன் இடத்தைக் குறித்து, ஒளிப்படம் எடுத்துக் கற்றோர்க்கு அனுப்புக. ஊர்ச் சிறுவர்க்குச் சடங்கன்பாடி என்னும் பழம்பெயரைச் சொல்லுக. கற்களின் இடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் வேரூன்றுமுன் களைக. திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் செய்த கைத்தொண்டு நமக்கும் உரியதே.

மாலையில் அங்கிருந்து தெற்கே சென்று, அம்மையார் பிறந்தருளிய காரைக்காலையும் வழிபட்டு மீளலாம். பொன்னேடு கோபன்கேகனிற் காக்கப்பெறுகின்றது. சீகன்பால்கு வரைந்த பட்டியலை அயல்நாட்டார் அச்சிட்டுப் பயில்கின்றனர். நம் கையில் எஞ்சியது கடற்கரையில் நிற்கும் இக்கல் ஒன்றே. அதனை நாம் படிக்குமுன் அலை கொண்டு செல்லாதவாறு மாசிலாமணிப் பெருமான் திருவருள் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்.