ஒட்டகத்தின் மேல் இயந்திர மனிதன்

மனித உருவில் இயந்திரம் சமைத்து அதனிடம் ஊழியம் கொள்ளும் ஆசை நேற்றுத் தோன்றியதன்று. ஹிஜ்ரி 602இல், அதாவது கி.பி. 1206இல், தியார்பக்ர் நகரில் அர்துக் மரபினர் அவையில் பணியாற்றிய பொறியியல் மேதை அல்ஜஸரீ தமது நூலை எழுதி முடித்தார். ஐம்பது பொறிகளின் அமைப்பைப் படங்களுடன் விளக்கும் அந்நூலில் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. ஒளுச் செய்யுங்கால் பணியாளோ அடிமைப் பெண்ணோ தம் கைகளில் நீர் வார்ப்பதை அரசர் விரும்பவில்லையாம். ஆகவே கெண்டி ஏந்திய ஏவலாளின் உருவைச் செய்து, அதுவே நீர் வார்க்குமாறு அமைத்துத் தந்தார் அல்ஜஸரீ. அதுவரை நீர் வார்த்து நின்ற ஏவலாள் பிறகு என்ன ஆனான்? பொறியியல் நூலுக்கு அது வேண்டாத வினா. வரலாறு படிக்கும் நமக்கோ அதுவே முதல் வினா.

‘ரோபோ’ என இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லும் ஊழியத்தின் வயிற்றில் பிறந்ததே. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வாயிலாக அது உலகிற்கு வந்தது. ஊதியமின்றிக் கட்டாயத்தின்பேரில் செய்யும் வேலையைக் குறிக்கும் ‘ரொபோதா’ என்பதே அதன் வேர். நம் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிப்பதும் ஏறத்தாழ இதையே. (அச்சொல் இன்று வேலையற்றுத் திரிவதைக் குறிக்க வந்துவிட்டது தனிக்கதை.)

இயந்திர மனிதன் உண்மையாகவே ஒரு தொழிலைப் பறித்துக்கொண்ட நிகழ்ச்சியைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பிழைக்கச் சென்ற வளைகுடா நாடுகளிலேயே அது நடந்தது.

ஒட்டகப் பந்தயம் அங்கே தொன்மையான விளையாட்டு. எண்ணெய்ச் செல்வம் பெருகியபின் அது பெரும் பரிசுகள் புரளும் தொழிலாயிற்று. ஒட்டகத்தின் மீது சுமை குறையக் குறைய வேகம் கூடும். இந்த எளிய கணக்கே கொடுமைக்கு வித்திட்டது. பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான், மௌரித்தானியா ஆகிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து நான்கைந்து வயதுப் பாலகர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். எடை ஏறாதிருக்க அவர்களுக்கு உணவு குறைக்கப்பட்டது. விழுந்து எலும்பு முறிந்தோர் பலர். உயிர் இழந்தோரும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 1993இலேயே தடை விதித்தது. ஆயினும் தடை ஏட்டில் இருந்தது, சிறுவன் ஒட்டகத்தின் மேல் இருந்தான். பாகிஸ்தானிய வழக்கறிஞர் அன்ஸார் பர்னீ போன்றோர் இக்கொடுமையை உலகறியச் செய்த பின்னரே நிலைமை மாறலாயிற்று.

கத்தார் அரசு சுவிட்சர்லாந்தின் கே-டீம் நிறுவனத்தைக் கொண்டு இயந்திரச் சவாரிக்காரனைச் செய்வித்தது. ஒட்டகம் மிரளாதிருக்க அதற்கு மனிதச் சாயல் தரப்பட்டது. சட்டையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவிக்கப்பட்டன. 2005இல் தோஹாவுக்கு மேற்கேயுள்ள ஷஹானிய்யா திடலில் அது ஓடிக் காட்டியது. அதே ஆண்டில் கத்தாரும் அமீரகமும் சிறுவர் சவாரியைச் சட்டத்தால் தடுத்தன. இம்முறை சட்டம் பிழைத்தது. ஒட்டக உரிமையாளருக்குச் சிறுவனைவிட இலேசான ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டமையே இதற்குப் பெரிதும் காரணம் என்பது நம் கணிப்பு. கருணை மட்டும் அவர்தம் மனத்தை மாற்றியிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

முதலில் வந்த பொறியோ விலையும் எடையும் மிகுந்தது. விரைவிலேயே வளைகுடாப் பட்டறைகளில் துளையிடும் மின்கருவியின் மோட்டாரைக் கொண்டே இரண்டு மூன்று கிலோ எடையில் செய்யத் தொடங்கினர். முகம் போயிற்று, கைகால் போயின, சட்டை உடுத்த சிறு பெட்டியும் சுழலும் சாட்டையும் எஞ்சின. உரிமையாளர் திடலின் ஓரமாகக் காரில் விரைந்தபடியே பொத்தானை அழுத்துகிறார். ஒலிபெருக்கி வழியே அவர் அதட்டும் குரலை ஒட்டகம் தன் முதுகிலேயே கேட்கிறது. ஒட்டகத்திற்கு மனித முகம் தேவைப்படவே இல்லை!

தொழில் பறிபோனதற்காக நாம் அல்லாஹ்வைப் புகழத்தக்க அரிய நிகழ்ச்சி இது. ஆனால் இது தானாக நிறைவேறியதன்று. அமீரக அரசு யூனிசெஃபுடன் 2005இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1,000க்கும் மேற்பட்ட சிறுவர்களைத் தாயகம் அனுப்பியது. அவர்தம் மறுவாழ்வுக்குப் பொருளும் ஒதுக்கியது. மழலைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டதால் பெற்றோர் இன்னார் என்று கண்டறிவதே சிலர் வகையில் கடினமாயிற்று.

இப்பொழுது இயந்திர மனிதன் வளர்ந்தோரின் வேலைக்கு வந்துள்ளான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிடங்கொன்றில் ‘டிஜிட்’ என்னும் இருகால் பொறி 2024 முதல் கூலிக்குப் பெட்டி தூக்குகிறது. அதே ஆண்டில் தென் கரோலினாவின் பிஎம்டபிள்யூ கார் ஆலையில் மற்றொரு நிறுவனத்தின் இயந்திர மனிதன் சோதிக்கப்பட்டான். ஆலையும் படிக்கட்டும் மனித உடலுக்கேற்பக் கட்டப்பட்டவை, ஆதலால் மனித உரு வேண்டும் என்கின்றனர் இவற்றைச் செய்வோர். ஷஹானிய்யாவின் பெட்டியை நினைந்தால், இந்த வாதம் எத்தனை நாள் நிற்குமோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

பெட்டி தூக்கியவன் சிறுவனல்லன், கடத்தப்பட்டவனும் அல்லன். அவ்வேலையே அவன் வீட்டு அடுப்பு. அவனைத் திருப்பி அனுப்பத் தாயகம் ஏதுமில்லை. அவன் தாயகத்திலேயே இருக்கிறான். அமெரிக்கக் கீழைக் கரைத் துறைமுகத் தொழிலாளர் இதை உணர்ந்தே 2024 அக்டோபரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு, தானியங்கிப் பொறிகளுக்குக் கட்டுப்பாடும் அவர்கள் கேட்டனர். 2025இல் நிறைவேறிய ஆறாண்டு ஒப்பந்தத்தில் அதற்கான விதிகள் எழுத்தில் இடம்பெற்றன.