கணக்குக் கேட்ட தீவு

"உன் நாடு விடுதலை பெற்ற நாள் எது?" என்று கேளுங்கள், எந்த நாட்டுக் குடிமகனும் தயங்காமல் விடை சொல்வான். "விடுதலை பெற்ற அன்று உன் நாட்டின் செல்வம் எவ்வளவு? இன்று எவ்வளவு? இடையிலே போனது எங்கே?" என்று கேளுங்கள், திகைத்து நிற்பான். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறியதால் கோடீசுவர நாடாயிருந்து கடனாளி நாடாகிப் போனது ஒரு தீவு. காலங்கடந்து கேட்கத் துணிந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய தீவும் அதுவே. அதன் பெயர் நவூரு.

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் கிடக்கிறது அந்நாடு. பரப்பு 21 சதுரக் கிலோமீட்டர். குடிமக்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். வகுப்பில் உலகப் படத்தை விரித்து நவூருவைக் காட்டச் சொன்னால், அச்சுப் பிழையால் விழுந்த மைப்புள்ளி என்று எண்ணி மாணவர்கள் விரலை நகர்த்திவிடுகிறார்கள். அந்தப் புள்ளிக்காக ஐந்து நாடுகள் அடித்துக் கொண்டன என்றால் நம்புவார்களா? ஆனால் நடந்தது அதுதான்.

1798-இல் அவ்வழி சென்ற ஆங்கிலேய மாலுமி ஜான் பியர்ன் அதற்கு 'இன்பத் தீவு' என்று பெயரிட்டான். தென்னையும் தாழையும் செழித்த கரை; நடுவே மரங்கள் அடர்ந்த மேடு. 1888-இல் ஜெர்மனி அதைத் தன் உடைமை என்று அறிவித்தது. அதுவரை அதன் மதிப்பு கொப்பரைத் தேங்காயின் மதிப்புதான். 1899-இல் சிட்னி நகர வணிக நிறுவனமொன்றின் அலுவலகத்தில், கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் ஐயுற்று ஆராய்ந்தார். நவூருவிலிருந்து வந்த கல் அது. உயர்தரமான பாஸ்பேட்! வயலுக்கு உரம், உரத்துக்கு மூலப்பொருள். கடற்பறவைகளின் எச்சம் எண்ணற்ற ஆண்டுகளாகப் படிந்து இறுகி அவ்வளமாயிற்று என்பது பரவலான கருத்து. அந்தக் கல் கதவை அடைக்காமல் காத்ததோடு நிற்கவில்லை. ஏகாதிபத்தியத்துக்கு ஒரு கதவைத் திறந்தும் விட்டது.

1907-இல் ஏற்றுமதி தொடங்கியது. நிலத்துக்குரியவனுக்கு எவ்வளவு தெரியுமா? டன்னுக்கு அரைப் பென்னி! 1914-இல் உலகப் போர் மூண்டதும் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் 1919-இல் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு, 'பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்கள்' என்ற அமைப்பிடம் சுரங்கத்தை ஒப்படைத்தன. நாடுகளின் சங்கம் அம்மூவரிடமும் தீவை 'நம்பி ஒப்படைத்தது' என்பது சட்டப் புத்தகத்தின் வாசகம். உலகச் சந்தை விலையைவிட மலிவாக உரம் பெற்று ஆஸ்திரேலிய வயல்கள் கொழித்தன என்பது நடைமுறையின் வாசகம். காவலனே களத்துநெல்லை அளந்தான். விலையையும் அவனே வைத்தான்.

இரண்டாம் உலகப் போரில் வந்தது ஜப்பான். 1943-இல் 1,200 நவூரு மக்களைக் கப்பலேற்றி டிரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31-ஆம் நாள் தாய்மண் திரும்பியவர்கள் 737 பேர். அந்த நாளையே பின்னர் விடுதலை நாளாகத் தேர்ந்துகொண்டார்கள் அம்மக்கள். மாண்டவரை மறவாத மக்கள்!

1964-இல் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. தீவு தோண்டித் தீர்ந்து போகிறதே, குவின்ஸ்லாந்துக் கரையோரம் கர்டிஸ் தீவு இருக்கிறது, எல்லோரும் அங்கே குடிபெயர்ந்துவிடுங்கள் என்றது. தன்னாட்சி உரிமை உண்டா என்று கேட்டார் மக்கள் தலைவர் ஹாமர் டிராபர்ட். இறையாண்மை கிடையாது என்ற பதில் வந்தது. அப்படியானால் வேண்டாம் என்றனர் அம்மக்கள். எண்ணிக்கையில் நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் அளவுகூட இல்லாத ஓரினம், ஆளைக் காட்டி அஞ்சாமல், உரிமையைக் காட்டி மறுத்த அந்த நிகழ்ச்சி என் உள்ளத்தை ஈர்க்கிறது. 1968 ஜனவரி 31-இல் நவூரு குடியரசு ஆயிற்று. 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலை கொடுத்துத் தம் மண்ணின் சுரங்கத்தைத் தாமே வாங்கினார்கள். 1970-இல் அது அவர்கள் கைக்கு வந்தது.

இதுவரை சொன்னது எளிதான பகுதி. அந்நியன் கொள்ளையடித்தான் என்று சொல்லி முடித்துக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். அதற்குமேல் நடந்ததைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எழுபதுகளில் நவூரு, தலைக்கு வருமானக் கணக்கில் உலகின் முதல் வரிசையில் நின்றது. வரி இல்லை. மருத்துவம் இலவசம், கல்வி இலவசம். நிலம் உடைய குடும்பத்துக்கு உரிமைப் பங்கு. மற்றபடி அரசாங்க வேலை. சுரங்கத்தில் வேலை செய்யச் சீனாவிலிருந்தும் கில்பர்ட் தீவுகளிலிருந்தும் ஆட்கள். மீன் பிடித்தவன் டப்பி மீன் வாங்கினான். 1975-இல் ஆராய்ந்த மருத்துவர்கள் நீரிழிவு நோயில் அத்தீவு உலகின் முன்னணியில் நிற்பதைக் கண்டார்கள். பாஸ்பேட் தீரும் நாளுக்காக வருவாயில் ஒரு பகுதியை அறக்கட்டளை நிதியத்தில் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு. அதன் மதிப்பு உச்ச காலத்தில் நூறு கோடி டாலரைத் தாண்டியது என்பர்.

பணம் எங்கே போயிற்று? மெல்போர்ன் நகரில் 1977-இல் 52 அடுக்கு 'நவூரு மாளிகை' எழுந்தது. அந்நகரத்தார் அதைப் பறவை எச்சக் கோபுரம் என்று கேலி பேசினர். பத்தாயிரம் பேர் கொண்ட நாட்டுக்கு ஒரு விமானக் கம்பெனி; ஜெட் விமானங்கள் பசிபிக் எங்கும் பெரும்பாலும் காலி இருக்கைகளைச் சுமந்து பறந்தன. 1993-இல் இலண்டன் நாடக மேடையில் லியனார்டோ டா வின்சியின் காதலைப் பற்றி ஓர் இசை நாடகம். அதற்கு முதல் போட்டது நவூரு அரசு! சில வாரங்களில் திரை விழுந்தது, முதலும் விழுந்தது. ஓவியன் பிறந்தது இத்தாலியில், நாடகம் நடந்தது இங்கிலாந்தில், நட்டப்பட்டவன் மட்டும் நவூருவின் கரையோரக் குடிசைக்காரன்.

குடிமகன் ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்வியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். மக்கள் சோம்பேறிகள், தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று மேனாட்டு ஏடுகள் எழுதித் தள்ளின. அந்தத் திமிரை நான் ஏற்கவில்லை. காரணம் வேறு. வரி கட்டுகிறவனுக்குத் தன் காசு எங்கே போகிறது என்ற உறுத்தல் இருக்கும். பங்குப் பணம் பெறுகிறவனுக்கோ அடுத்த பங்கு எப்போது என்ற எதிர்பார்ப்பே இருக்கும். உரிமையாகத் தரவேண்டியதைச் சலுகைபோலத் தந்தது ஆட்சி. கை நீட்டியவன் வாய் திறக்கவில்லை. மற்றொன்று: அக்காலத்தில் நாடாளுமன்றத்தில் 18 பேர். அத்தனை பேரும் யாருக்கோ மாமன், யாருக்கோ மைத்துனன். கொள்கைக்கு வாக்கு இல்லை, குடும்பத்துக்கே வாக்கு. இரண்டு பேர் கட்சி மாறினால் ஆட்சி கவிழும். 2011 நவம்பரில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் அடுத்தடுத்துக் குடியரசுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகள் மாறின; நிதியத்தின் தணிக்கைக் கணக்கோ ஆண்டுக்கணக்கில் மக்கள் முன் வரவில்லை.

மண்ணைப் பற்றிய கணக்கு இன்னும் கொடியது. தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டது. நடு மேட்டில் பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தபின் எஞ்சியவை, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் சுண்ணாம்புக் கல் ஊசிகள். 1986-இல் கொழும்பில் பிறந்த சட்ட அறிஞர் வீரமந்திரி தலைமையில் அமைந்த குழு, விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய்ந்தது. 1989-இல் நவூரு, ஆஸ்திரேலியாவை ஹேக் நகர அனைத்துலக நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1992-இல் ஆஸ்திரேலியாவின் முதனிலைத் தடைகளை மன்றம் பெரும்பாலும் தள்ளியது. 1993-இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலர் தர இணங்கியது. யானையை எறும்பு கூண்டில் ஏற்றிய வெற்றி அது. மகிழ்வோம். ஆனால் அந்த வழக்கு எந்த நிலத்தைப் பற்றியது? அந்நியர் ஆட்சியில் தோண்டப்பட்ட, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பற்றியது. மீதி இரண்டு பங்கைத் தோண்டியது சொந்த ஆட்சி. அதற்கு வழக்கு மன்றம் ஏது? வாதி யார், பிரதிவாதி யார்?

பிறகு சரிவு விரைந்தது. தொண்ணூறுகளில் தீவில் வங்கிகள் முளைத்தன. ஏறத்தாழ 400 வங்கிகளுக்கு ஒரே தபால் பெட்டி முகவரி! 1998-இல் மட்டும் 7,000 கோடி டாலர் ரஷ்யப் பணம் அவ்வழியே ஓடியதாக ரஷ்ய மத்திய வங்கி அதிகாரி ஒருவர் கூறினார். நாட்டின் சொந்த வங்கியோ குடிமகன் போட்ட பணத்தைத் திருப்பித் தர இயலாமல் கதவடைத்தது. 2004-இல் நவூரு மாளிகை கடனுக்காக விற்கப்பட்டது. 2005 டிசம்பரில் கடைசி விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2001-இல் ஆஸ்திரேலியா நீட்டிய காசுக்காக, அதன் கரைக்குப் படகில் வந்த அகதிகளை அடைத்து வைக்கும் முகாம் தீவில் திறக்கப்பட்டது. 2008-இல் மூடப்பட்ட முகாம் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது முதலில் கொண்டுவரப்பட்டவர்களுள் இலங்கைத் தமிழர் இருந்தனர். வன்னியின் சாம்பலிலிருந்து தப்பியவன் பாஸ்பேட் புழுதியிலே கூடாரத்தில் கிடந்தான்.

இந்த இருளில் ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. 2001-இல் கீரன் கேகே என்ற மருத்துவரும் டேவிட் அடியாங் என்பவரும் வேறு சிலரும் சேர்ந்து 'நவூரோ அமோ', அதாவது 'நவூரு முதலில்', என்ற கட்சியைத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு அல்ல, கொள்கைக்கு வாக்களியுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள் என்பது அவர்கள் முழக்கம். 2004 தேர்தலுக்குப் பின் சீர்திருத்த ஆட்சியில் இருவரும் அமைச்சர்கள். ஆனால் 2007-இல் பிளவு. கேகே பதவி விலகினார், வழிகள் பிரிந்தன.

2013-இல் பாரன் வாக்கா குடியரசுத் தலைவர். அடியாங் நீதி அமைச்சர். 2014 ஜனவரியில், நாடு கடத்தலுக்குத் தடையிட்ட நீதிபதி பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். தலைமை நீதிபதி திரும்பி வரும் அனுமதி நீக்கப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் நுழைவு அனுமதிக் கட்டணம் 200 டாலரிலிருந்து 8,000 டாலராக்கப்பட்டது. அதே ஆண்டு, அரசைக் குறைகூறி வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் பேசியதற்காக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மூவர் மன்றத்திலிருந்து நீக்கி வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கேகே! அன்று ஒரே மேடையில் நின்றவர்களில் ஒருவர் அமைச்சர் நாற்காலியில், மற்றவர் வாயிற்படிக்கு வெளியே. தோழர்களே, சீர்திருத்தம் பேசும் நாமும் நின்று பார்க்கவேண்டிய காட்சி இது.

2015 ஜூனில் மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர். தாம் தேர்ந்தெடுத்தவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டனர். கைகலப்பு நேர்ந்தது. கலகம் செய்தார்கள், மன்றத்துக்கு இடையூறு செய்தார்கள் என்று 19 பேர் மீது வழக்கு. வாதாட வந்த ஆஸ்திரேலிய வழக்கறிஞர்களுக்கு நுழைவு அனுமதியே போராட்டமாயிற்று. அரசே வழக்குச் செலவைத் தரவேண்டும் என்ற நீதிபதியின் ஆணையை அரசு மதிக்கவில்லை. 2018-இல் அவர் வழக்கை நிரந்தரமாக நிறுத்தி வைத்தார். மேல்முறையீட்டில் அது கவிழ்க்கப்பட்டது; 2019 டிசம்பரில் வேறு நீதிபதி குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தார்.

அந்தப் பத்தொன்பதின்மருள் ஒருவர் ஸ்பிரென்ட் டபுவிடோ. 2012-இல் குடியரசுத் தலைவராய் இருந்து அகதி முகாமை மீண்டும் திறக்கக் கையெழுத்திட்டவர் அவர்தான். புற்றுநோய்க்கு மருத்துவம் தேடி ஆஸ்திரேலியா சென்றவர், அங்கே தாமே அரசியல் புகலிடம் கோரினார். 2019 மே மாதம் அந்நாட்டிலேயே மாண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டுத் தேர்தலில் வாக்கா தம் தொகுதியையே இழந்தார். 2023 அக்டோபரில் அடியாங் குடியரசுத் தலைவரானார். கடல் உயர்ந்து கரையை அரிக்கிறது; கரையோர மக்களை நடு மேட்டுக்குக் குடியேற்றும் திட்டத்துக்குப் பணம் திரட்ட, 2025-இல் அவர் அரசு 1,05,000 அமெரிக்க டாலருக்கு நவூருக் குடியுரிமையை வெளிநாட்டாருக்கு விற்கத் தொடங்கியது. குடிசை கட்டப்போகும் இடம், அந்தக் கல் ஊசிகள் நிற்கும் அதே மேடு. 1993-இல் இசைந்த பணத்தில் அங்கே சீரானது மிகச் சிறு பகுதி. மீதிப் பணம் என்ன ஆயிற்று என்று கரையிலே நிற்கும் நவூருக்காரன் இன்னும் கேட்கிறான்.