எம் மனைப் பரணிற் கிடந்த செப்புக்கிண்ணம்

சென்ற மார்கழித் திங்களில் எம் மூதாதையர் மனைக்கு ஓடு மாற்றும் பணி நிகழ்ந்தது. பரணில் இருந்தன யாவும் முற்றத்தில் இறக்கப்பட்டன. காதற்ற அண்டா, உடைந்த தொட்டில், தண்டு வளைந்த குத்துவிளக்கு ஆகியவற்றிடையே பச்சைக் களிம்பேறிய செப்புக்கிண்ணம் ஒன்றும் கிடந்தது. பழம்பாத்திரம் கொள்வார் அதனையும் தராசில் இட்டுவிட்டார். அப்பொழுது எம் அன்னையார், "தம்பி, அதை மட்டும் கொடுத்துவிடாதே, உன் அப்பாயி அதைத் துலக்கக்கூட விடமாட்டார்" என்று தடுத்தமையால் அது தப்பிற்று.

கிண்ணத்தின் வடிவைச் சிறிது விரித்துரைப்போம். அது பாதித் தேங்காய் மூடி போன்றது. வாய் 5 அங்குல அகலம், ஆழம் 2½ அங்குலம், எடை 230 கிராம். பிடியில்லை, காதில்லை, விளிம்பிற் துளையில்லை, எழுத்தோ சித்திரமோ யாதுமில்லை. அடி உருண்டிருத்தலின் தரையில் வைத்தால் நில்லாது சாயும். உண்கலமாயின் இங்ஙனம் நிலையற்ற கலத்தில் எவர் உண்பார்? விளக்காயின் எண்ணெய் சிந்திவிடுமன்றோ?

எம் சிறிய தந்தையார்க்கு இவ்வையம் எழவில்லை. எம் மனைக்கு ஊரில் 'நாழியார் வீடு' என்பது வழக்கு. எம் முன்னோர் தஞ்சை அரசரின் களஞ்சியத்தில் நெல்லளந்தவர் என்றும், அரசர் மகிழ்ந்து அளித்த படியே இக்கிண்ணம் என்றும் அவர் உறுதியாகக் கூறினார். "நீ பண்டிதன், நம் சங்கத்து மலருக்கு இதை நீயே எழுதிக் கொடு. பேரன் பேத்திகள் படிக்கட்டும்" எனவும் பணித்தார். யாமும் எழுதத் தொடங்கினோம், மறைப்பானேன்? இரண்டு பக்கம் எழுதியும்விட்டோம். அளவு ஒன்றையேனும் குறித்தல் நன்றென்று கருதி, அரிசி பெய்து அளந்தபோதே இடர்ப்பாடு தோன்றிற்று. அது உழக்கினும் மிகுந்தது, உரியினும் குறைந்தது. ஊர்தோறும் படி வேறுபடுமென்று அதனையும் ஒருவாறு அமைத்துக்கொள்ளலாம். ஆயின் அரிசியைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை வெயிலில் உயர்த்திப் பார்த்தபொழுது, அடியின் நட்டநடுவே ஒளிப்புள்ளியொன்று தெரிந்தது. துடைப்பத்து ஈர்க்கின் நுனியே நுழையத்தக்க சிறு துளை! தேய்ந்து விழுந்த பொத்தலன்று; வட்டமாகக் கருதி இட்டது.

எம்மூர்க் கோயிற் குருக்கள் அதனைக் கண்டு, சிவலிங்கத்தின்மேல் நீர்த்துளி வீழத் தொங்கவிடும் தாராபாத்திரம் என்றார். நல்ல கருத்தே, துளைக்கு அது காரணம் கூறுகின்றது. ஆயினும் தொங்கவிடும் கலத்திற்குச் சங்கிலி கோக்க வளையமாதல் விளிம்பிற் துளையாதல் வேண்டும். இதற்கு அவை இரண்டுமில்லை. ஆகவே, தரையில் நில்லாதது, மேலே தொங்காதது, அடியிற் துளையுடையது எதுவென்று ஓரிரவு முழுதும் எண்ணினோம். நிலத்திலும் இல்லை, வானத்திலும் இல்லையெனின் எஞ்சுவது நீர். அப்பொழுதுதான் எமக்கு நாணம் உண்டாயிற்று. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்கு நீரளந்து பொழுதுரைப்பார் வருகின்ற பகுதியை மாணவர்க்கு இருபதாண்டு கற்பித்திருக்கின்றோம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் 'நாழிகைக் கணக்கர்' வாழ்ந்தனர் என்றும் உரைத்திருக்கின்றோம். அச்சொல்லுக்குப் பொருள் கூறினோமேயன்றிப் பொருளைக் கண்டோமில்லை. அது எம் பரணிலேயே கிடந்தது.

நாழிகை வட்டில் என்பது இதுவே. அகன்ற கலத்தில் நீர் நிரப்பி அதன்மேல் இக்கிண்ணத்தை மிதக்க விடுவர். அடித்துளை வழியே நீர் சிறிது சிறிதாக உட்புகும். நிறைந்ததும் கிண்ணம் அமிழும். மிதந்தது முதல் அமிழ்ந்தது வரை ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம். காவலிருப்பவர் உடனே எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட்டுச் சேகண்டியில் அடித்து அறிவிப்பார். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 60 நாழிகை. ஏழரை நாழிகை ஒரு சாமம். இன்றும் இராகுகாலம் மூன்றேமுக்கால் நாழிகை என்று கணக்கிடுகின்றோமே, அக்கணக்கு இதனோடு சேர்ந்ததே.

இக்கருவி தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு நாளில் அறுபது முறை அமிழும் செப்புக்கலத்தைச் சூரியசித்தாந்தம் கூறுகின்றது. இலல்லர் என்னும் வானநூலார் அதன் அளவையே வகுத்தார்: பத்துப் பலச் செம்பு, வாய் 12 விரல், உயரம் 6 விரல். உயரம் வாயிற் பாதி. எம் கிண்ணமும் அவ்விகிதமே! பாற்கரர் தம் மகள் இலீலாவதியின் மணப்பொழுதை இத்தகைய கிண்ணத்தால் அளந்தார் என்றும், அவள் அணியினின்று உதிர்ந்த முத்து துளையை அடைத்தமையால் நற்பொழுது அறியப்படாமற் கழிந்தது என்றும் ஒரு கதை உண்டு. 1150-இல் இயற்றப்பட்ட இலீலாவதி நூலை 1587-இல் பாரசீகத்தில் பெயர்த்த பைசி என்பார் எழுதிய கதை அது; வரலாறாகக் கொள்ளற்பாலதன்று. ஆயினும் ஒரு முத்து ஒரு நாழிகையைக் கெடுக்கும் என்னும் நுட்பத்தைக் கருவியை அறிந்தவரே எண்ணியிருத்தல் கூடும்.

பாபர் தம் வரலாற்று நூலில் எழுதியிருப்பது இன்னும் சுவையுடையது. இந்நாட்டு நகரங்களில் கிண்ணத்தைக் காத்திருந்து பித்தளைத் தட்டில் அடிப்பாரை அவர் கண்டார். இரவில் விழித்தெழுந்தவன் இத்தனை நாழிகை என்று கேட்பான். எத்தனையாவது சாமத்து நாழிகை என்று அறியான். ஆதலின் நாழிகை அடித்தபின் சாமத்தையும் அடித்துக் காட்டுக என்று பாபர் கட்டளையிட்டார். பேரரசரும் நள்ளிரவில் உறக்கமின்றிப் பொழுது தெரியாது கிடந்தார் போலும்!

எமக்கு நெருங்கிய சான்று இலங்கையினின்று கிடைக்கின்றது. கண்டி அரசரிடம் ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்த இராபர்ட்டு நாக்சு என்னும் ஆங்கிலர் 1681-இல் தாம் வெளியிட்ட நூலில், மட்பாண்டத்து நீரில் மிதக்கும் துளைச்செப்புக்கலத்தைக் கூறுகின்றார். அது ஒரு பைந்து அளவு கொள்ளும் என்கின்றார். பைந்தாவது அரை இலிட்டருக்குச் சற்று மேல். எம் கிண்ணத்தின் கொள்ளளவும் அதுவே. அரசரைத் தவிர அதனைக் கையாள்வார் அரியர் என்றும், அதனைக் காக்கவே ஓர் ஆள் இருந்தான் என்றும் அவர் உரைக்கின்றார்.

சங்ககாலத்துக் கன்னலும் எம் கிண்ணமும் ஒன்றே என்று சொல்ல எமக்கும் ஆசைதான். ஆயின் கௌடலீயம் கூறும் நீர்க்கருவி, குடத்தினின்று நீர் வெளியே ஒழுகும் வகையினது. அமிழும் கிண்ணமோ ஐந்தாம் நூற்றாண்டளவில் ஆரியபடர் காலத்தில்தான் நூல்களில் வெளிப்படுகின்றது. ஆதலின் ஆசையை அடக்கினோம்.

நிற்க. நூற்சான்று எவ்வளவிருப்பினும் கிண்ணம் அமிழ்ந்தாலன்றோ உண்மை? அண்டாவில் நீர் நிரப்பி மிதக்கவிட்டோம். ஒரு மணி நேரம் கடந்தும் அமிழவில்லை. சிறிய தந்தையார் திண்ணையிலிருந்தபடியே நகைத்தார். துளையிற் களிம்பு அடைத்திருந்தது. ஊசியிட்டால் துளை பெருகும் என்றஞ்சி, ஈர்க்கினால் மெல்ல நீக்கினோம். மறுமுறை நடுப்பகலில் 22 நிமிடம் 40 வினாடியில் அமிழ்ந்தது. அடுத்தமுறை 22 நிமிடம் 50 வினாடி. மறுநாள் விடியலில் கிணற்றின் தண்ணிய நீரில் 23 நிமிடம் 10 வினாடி. வெதுவெதுப்பான நீர் சிறுதுளையில் விரைந்து புகும் என்பது இதனால் விளங்கும்.

"24 இல்லையே, தம்பி" என்றார் சிறிய தந்தையார். உண்மையே. பல்லாண்டு நீரோட்டத்தாலும் துலக்கலாலும் துளையின் வாய் தேயும். மயிரிழை பெருகினாலும் நிமிடம் குறையும். உழக்குமாகாது உரியுமாகாத கலம், நாழிகைக்கு மட்டும் ஒரு நிமிட அளவிற்கு அணுகி நிற்பது தற்செயலாகுமா என்று யாம் வினவினோம். அவர் விடை கூறவில்லை. உள்ளே சென்று, எம் பூசையறையில் பன்னெடுங்காலமாய்த் தொங்கும் தடித்த சேகண்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அண்டாவின் அருகே வைத்தார்.

ஆகவே எம் முன்னோர் அரசர்க்கு நெல்லளந்தவர் என்பதற்குச் சான்றில்லை. நாழியார் என்பது நாழிகையாரே. கோயிலுக்கோ அரண்மனைக்கோ இரவெல்லாம் கண்துஞ்சாது கிண்ணத்தைப் பார்த்திருந்து, இருபத்துநான்கு நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து சேகண்டி அடித்த கூலியாள் ஒருவர் வழியில் வந்தோம். மலருக்கென எழுதிய இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டோம். சிறிய தந்தையார்க்கு இதில் வருத்தம் உண்டு என்பதை யாம் அறிவோம், அவர் பொறுத்தருள்க.

அன்பர்களே, 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இந்தியா முழுமைக்கும் ஒரே மணி வகுக்கப்பட்டது. அதற்கு முன்னரே கடிகாரங்கள் பெருகி இக்கிண்ணங்கள் பரணேறத் தொடங்கிவிட்டன. நும் மனைகளில் அடிதுளைத்த செப்புக்கிண்ணம் இருப்பின் பழம்பாத்திரக்காரர்க்குக் கொடாதீர். புளியிட்டுத் துலக்காதீர், துளையில் ஊசி இடாதீர். வாயகலம், ஆழம், எடை, அமிழும் காலம் இந்நான்கினையும் குறித்து இவ்விதழுக்கு எழுதியனுப்புக. நீர் தண்ணிதா வெதுவெதுப்பா என்பதையும் மறவாது குறித்தல் வேண்டும்.