மூட்டில் தங்கிவிடும் இரத்தம்

எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோயை ஃப்ரான்ஸ் கோனிக் அளவுக்கு அறிந்தவர்கள் அன்றைய ஜெர்மனியில் குறைவு. 1884இல் அதற்கென்று தனி நூலே எழுதியவர். அவரிடம் முழங்கால் வீங்கி வந்த இருவருக்குக் காசநோய் என்று நினைத்துக் கத்தி வைத்தார். இரத்தம் நிற்கவில்லை. இருவரும் இறந்துபோனார்கள். அவர்களுக்கு இருந்தது இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய்.

கோட்டிங்கனில் பணியாற்றிய கோனிக் 1892இல் வெளியிட்ட விரிவுரையில் அந்த இரண்டு மரணங்களையும் மறைக்காமல் சொன்னார். ஹீமோபிலியா மூட்டுநோய் மருத்துவத்தில் தனி நோயாக அடையாளம் பெற்றது அந்த விரிவுரையில்தான். மூன்று கட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். முதலில் மூட்டுக்குள் இரத்தம் நிறைகிறது. பிறகு மூட்டு முழுவதும் அழற்சி பிடிக்கிறது. கடைசியில் மூட்டு மடங்கி இறுகி, நீட்ட முடியாமல் போகிறது. இந்த நடுக்கட்டம் அனுபவசாலியின் கண்ணையே ஏமாற்றியது என்றால், இரத்தம் மட்டும் அங்கே இல்லை, வேறு ஏதோ நடக்கிறது என்று அப்போதே யாராவது விடாமல் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை வர நூறு ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. உறைவதற்குத் தேவையான எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி இல்லாமல் பிறந்த பையன்கள் இளவயதிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். உயிரைக் காப்பதே முதல் வேலையாக இருந்தது. ஸ்வீடனின் மால்மோ நகரில் மட்டும் இங்கா மாரி நில்சன் குழுவினர் மூட்டையும் கவனித்தார்கள். காரணி 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களின் மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுவதை அவர்கள் பார்த்தார்கள். அந்தச் சொற்ப அளவை மருந்தாகக் கொடுத்தே தக்கவைக்கலாமே என்று, 1958 முதல் கசிவு வருமுன்னரே காரணியை ஏற்றத் தொடங்கினார்கள். அது பலித்தது. ஆனால் கசிந்த இரத்தம் மூட்டை எப்படி அழிக்கிறது என்பது அப்போதும் தெரியவில்லை.

அழற்சியின் தூதுவர்களுக்குப் பெயர் கிடைத்தது அதற்குப் பிறகுதான். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் செய்திகள் அவை. சைட்டோகைன் என்பார்கள். டிஎன்எஃப் என்ற பெயர் 1975இலும், இன்டர்லூகின் என்ற பெயர் 1979இலும் வந்தன. முடக்குவாதத்தில் டிஎன்எஃப்பைத் தடுத்தால் மூட்டு வீக்கம் தணிகிறது என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டினார்கள். மூட்டுக்குள் நடக்கும் அழிவுக்கு இந்தப் புரதங்கள் பொறுப்பாக முடியும் என்று அதன்பின் யாரும் சந்தேகப்படவில்லை.

ஹீமோபிலியாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள். கோரிஸ் ரோசண்டாலும் உடன் உழைத்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். அதில் உள்ள ஒப்பீடு அவ்வளவு எளிமையானது, அவ்வளவு நேர்மையானது. நோயாளியின் மூட்டின் உள்ளுறையான சைனோவியத்தில் சில இடங்கள் இரும்பு படிந்து பழுப்பேறிக் கிடக்கும். சில இடங்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒரே ஆளின் மூட்டிலிருந்து இரண்டையும் எடுத்து அருகருகே வளர்த்தார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற வாதத்துக்கே அங்கு இடமில்லை. இரும்பு படிந்த பகுதி இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6, டிஎன்எஃப் ஆகியவற்றைக் கூடுதலாகச் சுரந்தது. அதிலிருந்து வடித்த திரவம் பட்ட குருத்தெலும்பு, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையில் தளர்ந்தது.

அதே குழு இன்னொரு வழியையும் கண்டது. இதில் சைனோவியத்துக்கு வேலையே இல்லை. குருத்தெலும்பை நான்கு நாள் இரத்தத்தில் ஊறவைத்தாலே அது மீள முடியாத பாதிப்புக்கு ஆளானது. சிவப்பணு மட்டும் போதாது. வெள்ளணுக்களில் ஒருவகையான மோனோசைட்டும் சேர்ந்திருக்க வேண்டும். மோனோசைட் சுரக்கும் இன்டர்லூகின் 1, குருத்தெலும்பின் செல்லை ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கத் தூண்டுகிறது. சிதைந்த சிவப்பணுவிலிருந்து வந்த இரும்பு அதனோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற கொடிய துகளை உருவாக்குகிறது. அந்தத் துகள் தோன்றும் இடத்திலேயே செல் மடிகிறது. குருத்தெலும்பில் செல்கள் ஏற்கெனவே குறைவு. செத்ததற்குப் பதிலாக வேறு பிறப்பது அரிது.

இரண்டு வழியும் சேரும்போது மூட்டு சுழலில் சிக்குகிறது. அழற்சி பிடித்த சைனோவியம் தடிக்கிறது, புது இரத்தக்குழாய்களை விடுகிறது. அவை மெல்லியவை. சாதாரணமாக நடந்தாலே கிழியும். மறுபடி இரத்தம், மறுபடி இரும்பு. ஒரே முட்டி திரும்பத் திரும்ப வீங்குகிறது என்று தாய்மார்கள் சொல்லும் மூட்டு இதுதான்.

2018இல் நியூயார்க்கின் ஒரு மருத்துவமனை ஆய்வகம், ஹீமோபிலியா எலிகளில் டிஎன்எஃப் பாதையை அடைத்துவிட்டு மூட்டுக்குள் இரத்தம் கசியச் செய்தது. எலும்பு தேய்வது தடுக்கப்பட்டது. ஆனாலும் முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் ஹீமோபிலியாவுக்கு இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வேறு சிக்கலும் உண்டு. அழற்சியைத் தணிக்க வழக்கமாகக் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தட்டணுக்களைச் செயலிழக்கச் செய்வதால், இந்த நோயாளிகளுக்குக் கசிவு மேலும் கூடும்.

எனவே இன்றைக்குக் கையில் இருக்கும் சிறந்த ஆயுதம் காலம்தான். 2007இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், சின்ன வயதிலேயே முறையாகத் தடுப்புக் காரணி பெற்ற பையன்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் எம்ஆர்ஐ படத்தில் மூட்டுகள் நன்றாக இருந்தன. கசிவு வந்த பின் மட்டும் காரணி பெற்றவர்களில் 55 சதவீதம்தான். கசிவே தெரியாத மூட்டுகள் சிலவும் அதில் பழுதாகியிருந்தன. வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே முட்டிக்குள் குறுகுறுப்பாக இருக்கிறது என்று பையன் சொன்னால், அவனை நம்பி அந்த மணி நேரத்துக்குள் ஊசி போடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடும் ஒவ்வோர் இரவும் அந்த இரும்புக்குக் கிடைக்கும் நேரம்.