தாது வருஷமும் காய்ந்த குழாயும்

புக்கிட் செந்தோசா, கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் 'தாத்தா ஏன் கப்பலேறினார்?' என்று கேட்டால் கங்காணி, கடன், வறுமை என்றுதான் பதில் வரும். அந்த வறுமைக்குப் பின்னால் ஒரு கடலும் இருந்தது.

1876. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷம். சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. மறு ஆண்டும் வானம் இரங்கவில்லை. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த நாள் கூலி, அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் சில்லறையும்! அதே சமயம் இந்தியத் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. மழையை நிறுத்தியது கடல் என்றாலும் சோற்றை நிறுத்தியவர்கள் மனிதர்களே. உயிர் பிழைத்தவர்களில் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஓடினர். சிலாங்கூரின் ரப்பர் தோட்டங்கள் பின்னால்தான் வந்தன.

மழை ஏன் பொய்த்தது? 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் இருந்து காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதையும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதையும் கண்டார். இதை எல் நினோவோடு 1969-இல் பொருத்திக் காட்டியவர் யாக்கோப் பியர்க்னஸ். வழக்கமாகக் காற்று வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். மேகம் இங்கே கூடும். காற்று தளர்ந்தால் வெந்நீரும் மழையும் கிழக்கே போய்விடும். 1877-இல் நடந்தது அதுதான்.

1997-இலும் பெரிய எல் நினோ. ஆனால் இம்முறை இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்திருந்தது. அது இந்தியாவைக் காத்தது. நம் பக்கத்தைக் காயவைத்தது. இந்தோனேசியக் காடுகள் எரிந்தன, புகைமூட்டம் மலேசியாவை மூடியது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குப் பங்கீடு வந்தது. குடமும் வாளியுமாக மக்கள் லாரிக்குக் காத்திருந்தனர். செம்பனை எண்ணெய் உற்பத்தியும் 90 லட்சம் டன்னிலிருந்து 83 லட்சமாக இறங்கியது.

அந்த நெருக்கடிக்குப் பிறகு கோலகுபுபாருவுக்கு மேலே சுங்கை சிலாங்கூர் அணை எழுந்தது. அதற்காகப் பெரெதாக், கெராச்சி என்ற தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன.